கடற்பாசியில் எடுத்த அச்சு

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு பல் கிளினிக். என் அத்தைக்கு முழு பல் செட் கட்ட அளவு எடுக்கிறார்கள். டாக்டர் ரப்பர் கிண்ணத்தில் பவுடரைக் கொட்டி, ஜில்லென்ற தண்ணீர் விட்டுக் கிண்ணத்தின் ஓரத்தில் தேய்த்துக் குழைக்கிறார். "சென்னை வெயிலுக்கு சாதாத் தண்ணி சரிப்படாது. வாய்க்குப் போறதுக்குள்ள இறுகிடும்" என்றார்.

அந்தப் பவுடர் அல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியின் சத்து. மண்டபம் கரையில் அள்ளும் கட்டக்கோரைப் பாசியிலிருந்தும் அல்ஜினேட் எடுக்கிறார்கள். முன்பு அளவெடுக்க அகார்தான் இருந்தது, ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து நின்றபோது அல்ஜினேட் அதன் இடத்துக்கு வந்தது.

ட்ரேயில் நிரப்பி வாயில் வைத்த சில நிமிடங்களில் குழம்பு ரப்பராகிவிட்டது. டாக்டர் அச்சை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈறு முழுக்கப் பதிந்திருக்கிறதா, காற்றுக்குமிழி உண்டா, எங்காவது ட்ரே பல்லிளிக்கிறதா? ஒரு குமிழி இருந்தது. மறுபடி எடுத்தார். நல்ல அச்சையும் சும்மா வைக்கக் கூடாது. உலர்ந்தால் சுருங்கும், தண்ணீரில் கிடந்தால் உப்பும். கழுவிக் கிருமி நீக்கியதும் ஜிப்சம் குழம்பு ஊற்றி வார்த்துவிட வேண்டும்.

இது முதல் அளவுதான். அந்த வார்ப்பின்மேல் அத்தைக்கென்றே ஒரு ட்ரே செய்து, அதன் விளிம்பில் மெழுகு போன்ற பச்சைக் குச்சியை இளக்கி ஒட்டுகிறார்கள். "மாமி, உதட்டைக் குவிங்க, நாக்கை நீட்டுங்க." கன்னமும் நாக்கும் அசைந்து அசைந்து விளிம்பைத் தாங்களே செதுக்குகின்றன. பிறகு கிராம்பு மணக்கும் பசையில் நுண் அச்சு. "ஆ" என்னும்போது மேலண்ணம் அதிரும் இடத்தில் மேல் செட் முடிய வேண்டும். அங்கே காற்றுப் புகுந்தால் செட் கழன்றுவிடும். அத்தையின் பழைய செட், வேறோர் இடத்தில் அவசரமாகக் கட்டியது, டம்ளரிலேயே கிடந்ததற்கு இந்த விளிம்புதான் காரணம் என்று காட்டினார்.

அடுத்தது கடி அளவு. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி. "அம்மா" என்று சொல்லித் தாடையைத் தளர்த்தியதும் ஸ்கேலில் அளந்தார். கடிக்கும்போது இந்த இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைய வேண்டும். குறையாவிட்டால் பேசும்போதே பல் இடிக்கும். அதிகம் குறைந்தால் முகம் சுருங்கிப்போகும்.

மெழுகில் பல் பதித்துப் பார்க்கும் நாளில் அத்தையை "சரஸ்வதி, கஸ்தூரி" என்று சொல்லச் சொன்னார். ஸ் ஓசையில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் நெருங்கலாம், தொடக் கூடாது. டக்கென்று ஒரு சத்தம். டாக்டர் கீழ்ப் பற்களைக் கழற்றிவிட்டு, புதிய மெழுகை விளக்கில் காட்டினார். அத்தை மறுபடி "அம்மா" என்றார்.