சிக்னல் இருக்கும், பேச முடியாது

2024 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரு பெரிய நிறுவனங்களும் தங்கள் 3ஜி சேவையை மூடத் தொடங்கின. டெல்ஸ்ட்ரா அந்த நாளுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. மக்கள் கையில் இருந்த சில 4ஜி ஃபோன்களில் ஒளிந்திருந்த ஓர் ஆபத்துதான் தயக்கத்துக்குக் காரணம். அவற்றில் சாதாரண அழைப்புகள் 4ஜியிலேயே போகும். 000 என்ற அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும். தயாரிப்பிலேயே அப்படி அமைக்கப்பட்டிருந்தது.

அவசர அழைப்பு போகாத ஃபோனுக்குச் சேவையே தரக் கூடாது என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. 3 என்று டைப் செய்து 3498 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தங்கள் ஃபோன் தேறுமா என்று மக்கள் தெரிந்துகொள்ளும் வசதியும் இருந்தது. வெளிநாட்டில் வாங்கிய ஃபோன்கள் பல இந்தத் தடையில் சிக்கின. அதற்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் இரண்டின் சிக்னலும் எட்டாத இடத்தில், அங்குள்ள இன்னொரு நிறுவனமான வோடஃபோனுக்குத் தாவ வேண்டிய நேரத்தில், பழைய சாம்சங் மாடல்கள் 70க்கும் மேற்பட்டவை, மூடப்பட்ட 3ஜியையே தேடுகின்றன என்பது 2025இல் தெரியவந்தது.

மகனைப் பார்க்க மெல்போர்னுக்கோ மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூருக்கோ போகும் பெற்றோர், பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய ஃபோனோடுதான் விமானம் ஏறுகிறார்கள். ரோமிங் என்றதும் எல்லோரும் பயப்படுவது பில்லுக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆள் மயங்கி விழும் நேரத்தில் ஃபோன் வேலை செய்யாமல் போவது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு முன்கதை உண்டு. 2002இன் இறுதியில் ரிலையன்ஸ் அறிமுகப்படுத்திய ஃபோன்களும், டாடா இண்டிகாம் ஃபோன்களும் சிடிஎம்ஏ வகை. ஜிஎஸ்எம் என்ற இன்னொரு வகை மட்டுமே உள்ள நாட்டில் அவற்றுக்கு உயிரில்லை. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஜிஎஸ்எம் என்பதே கிடையாது. சென்னையிலிருந்து கொண்டுபோன அந்தக் கால நோக்கியா அங்கே கடிகாரமாக மட்டுமே பயன்பட்டது. 3ஜி பரவியபோது இந்த இடைவெளி பெருமளவு அடைபட்டது. இப்போது நாடுகள் 3ஜியை மூடிவருவதால் அது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக உருவானது. அதில் பேசுவதற்கு வோல்ட்இ என்ற தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத ஃபோன், அழைப்பு வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். வெளிநாட்டில் வோல்ட்இ வேலை செய்ய, நம் ஊர் நிறுவனமும் அந்நாட்டு நிறுவனமும் அதற்கென்றே தனியாக ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். கையில் உள்ள ஃபோன் மாடலும் அதற்கு ஒத்துவர வேண்டும். டேட்டா ரோமிங்குக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. அதனால் வாட்ஸ்அப் ஓடும், வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் வந்து சேரும், சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனால் அழைத்தால் போகாது. இன்னொரு விதமான ஃபோன் உண்டு: குரல் அழைப்புக்கு வழியில்லை என்று கண்டால் 4ஜியையே விட்டுவிட்டு 2ஜி, 3ஜியைத் தேடிப் போய்விடும். அவை இரண்டும் இல்லாத நாட்டில் டேட்டாவும் சேர்ந்து போய்விடும்.

எல்லா நாட்டிலும் நிலைமை ஒன்றல்ல. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜியை மூடிவிட்டது. தைவான் 2024 ஜூனோடு 3ஜியை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, வெரைசான் இரண்டும் 2022இல் 3ஜியை நிறுத்திவிட்டன. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை மூடினாலும் 2ஜியை விட்டுவைத்தது. பிரிட்டனிலும் 2ஜி இன்னும் இருக்கிறது. 2ஜி உள்ள இடங்களில் பழைய ஃபோன் எப்படியோ சமாளித்துவிடும். இந்தியாவில் ஜியோ 2016இல் தொடங்கியபோதே 2ஜி, 3ஜி இல்லாமல் வந்ததால், அதன் வாடிக்கையாளர் உள்ளூரில் பேசுவதெல்லாம் வோல்ட்இ வழியாகத்தான். வெளிநாட்டிலும் அதே போலப் பேசலாம் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

ரோமிங் பேக் விளம்பரத்தில் எத்தனை நிமிடம், எத்தனை ஜிபி என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த நாட்டில் எந்த நிறுவனத்தோடு வோல்ட்இ ரோமிங் உண்டு, எந்த மாடல்களில் அது வேலை செய்யும் என்பதும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை பயணி தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வாய்மொழியாகக் கேட்பதைவிட, நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது நல்லது. கிளம்புமுன் ஃபோன் மென்பொருளைப் புதுப்பித்து, வோல்ட்இ அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போய் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு சாதாரண அழைப்பு செய்து பார்க்கலாம். அவசர எண்ணைச் சோதனைக்காக அழைக்கக் கூடாது. பேக் செல்லும் நிறுவனத்தை நெட்வொர்க் பட்டியலில் கையால் தேர்ந்தெடுத்தால், ஃபோன் வேறொன்றுக்குத் தாவி பில் எகிறுவது தவிரும். கப்பலிலும் விமானத்திலும் உள்ள செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்குகள் இன்னும் விலை அதிகம். அங்கே ஃபிளைட் மோடுதான் பாதுகாப்பு.

பேக் வாங்கியும் பேச முடியவில்லை, அல்லது கேட்காத டேட்டாவுக்குப் பணம் போய்விட்டது என்றால் புகார் செய்ய முறையான வழி இருக்கிறது. பேக் வாங்கிய எஸ்எம்எஸ், அழைப்பு தோற்ற திரையின் ஸ்கிரீன்ஷாட், நேரம், அப்போது திரையில் தெரிந்த நெட்வொர்க்கின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பிரீபெய்டு வாடிக்கையாளரும் தன் பயன்பாட்டு விவரத்தைக் கேட்டுப் பெறலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இந்தியாவுக்குள் இருந்து 198ஐ அழைத்துப் புகார் கொடுத்தால் ஒரு புகார் எண் தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தொலைபேசிப் புகாரென்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதிட்டுவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சிக்கல் சிட்னியில் நேர்ந்திருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம்.