குருத்து போன தென்னையும் துளிர்த்த பலாவும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தோப்புகள் சில மணி நேரத்தில் சாய்ந்து போயின. தென்னை, பலா, மா, வாழை என்று எதுவும் தப்பவில்லை. ஆனால், சில மாதங்களில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கிளை முறிந்த பலாவும் மாவும் அடிமரத்திலேயே துளிர்விட்டன. தலை முறிந்த தென்னை துளிர்க்கவே இல்லை. ஒரே மண்ணு, ஒரே தண்ணி, அப்புறம் ஏன் இப்படி? பதில் மரத்தின் உடம்புக்குள் இருக்கிறது.

எந்த உயிரும் செல்களால் ஆனது. குறிப்பிட்ட வேலைக்கென்று கூடிய செல்கள் திசு. பல திசுக்கள் சேர்ந்தது உறுப்பு. இலையை எடுத்துக்குங்க. மேல்தோல் ஈரத்தைக் காக்கும். உள்ளே பச்சைச் செல்கள் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கும். நரம்புக்குள் இரண்டு வகைக் குழாய்த் திசுக்கள் உண்டு. சைலம் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். புளோயம் இலை சமைத்ததைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோகும். வேர் தண்ணி தராவிட்டால் இலையில் சமையல் இல்லை. இலை அனுப்பாவிட்டால் வேருக்குச் சோறு இல்லை.

வளர்ந்த மரத்தில் எல்லா செல்லும் பெருகுவதில்லை. புதுச் செல் பிறக்க என்றே சில திசுக்கள் இருக்கின்றன. பலா, மா, வேம்பு மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உறைபோல அது சுற்றியிருக்கும். அதுதான் கேம்பியம். காயம் மூடுவதும், ஒட்டுக் கட்டினால் பிடிப்பதும் அதனால்தான். பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளும் உண்டு. மேலே கிளை போனதும் அவை விழித்துக்கொள்ளும்.

தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. மட்டையும் பாளையும் பிறக்கும் இடம் உச்சிக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரம் போச்சு. பிழைத்த தென்னையும் உடனே தேறாது. பாளை கருவாகி வெடிக்கச் சுமார் 32 மாதம், காய் முற்ற இன்னும் 12 மாதம். இன்றைக்கு மரம் படும் அடி மூன்று நான்கு வருஷம் கழித்தும் காய்ப்பில் தெரியும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா வேலை தெளிவாகும். தென்னையில் ஆணி அடிக்காதீங்க, ஏறுவதற்குப் படி வெட்டாதீங்க. அந்தக் காயம் மூடவே மூடாது, சிவப்புக் கூன்வண்டும் அதைத் தேடி வரும். பச்சை மட்டையைக் கழிக்காதீங்க. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கு. குருத்து கெடாமல் சாய்ந்த இளந்தென்னையை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்க. அடித்தூரிலிருந்து புது வேர் இறங்கும்.

பலா, மாவில் முறிந்த கிளையைப் பிசிறில்லாமல் அறுத்துவிடுங்க. வேர் அறுந்து சாய்ந்த மரமென்றால் மேல்பாரத்தையும் குறையுங்க. மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணி ஏற்ற முடியாது. ஆடு பட்டையைச் சுற்றிலும் கடிக்க விடாதீங்க. சுற்றிலும் பட்டை போனால் புளோயமும் போகும், வேர் பட்டினியில் சாகும்.

எங்க பகுதிக்குப் புயல் மறுபடியும் வரும். தென்னையை மட்டும் நம்பிய தோப்பு, உச்சிக் குருத்தை மட்டுமே நம்பி நிற்கிற தோப்பு. வரப்போரம் வேம்பு, இடையில் பலா, மா என்று கலந்து வையுங்க. புயலுக்குப் பிறகு துளிர்க்க ஏதாவது மிச்சம் இருக்கணும்.