ஒரே இணைப்பு, பல கணினிகள்: வீட்டு வைஃபையைப் பாதுகாப்பாகப் பகிர்வது எப்படி?

ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்வது இன்று இயல்பாகிவிட்டது. பிள்ளைகளின் பாடமும் பெரியவர்களின் அலுவலகப் பணியும் வங்கிப் பரிவர்த்தனையும் அந்த ஒரே இணைப்பின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, அது இயங்கும் முறையை வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது நலம்.

இணைய நிறுவனம் ஓர் இல்லத்திற்கு வழங்குவது பொதுவாக ஒரே ஒரு பொது முகவரிதான். ரௌட்டர் என்னும் கருவி வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி உள் முகவரியை அளிக்கிறது. அவை பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, வரும் தகவலை உரிய கணினிக்கு அது அனுப்புகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அனைத்தும் ஒரே முகவரியாகவே தெரியும்.

இதில்தான் பொறுப்பும் அடங்கியுள்ளது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னர் அனுப்பப்பட்ட மின்னஞ்சலின் தடம், நவி மும்பையிலுள்ள ஒரு குடியிருப்பின் இணைப்பில் சென்று முடிந்தது. அந்த வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர் என்பது பின்னரே தெரியவந்தது. நம் இணைப்பைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினால், முதலில் விசாரிக்கப்படுபவர் நாமே.

ரௌட்டருக்குள் ஊடுருவும் ஒருவர் அதன் அமைப்பை மாற்றி, நம்மைப் போலி வங்கித் தளத்திற்குத் திருப்பிவிடவும் கூடும். இவற்றைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

• பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2ஐத் தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூ.ஈ.பி. முறை எளிதில் உடைபடக்கூடியது.

• வைஃபை கடவுச்சொல், ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. கருவியுடன் வந்த இரண்டையுமே மாற்றிவிடுங்கள்.

• விருந்தினருக்கும் தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்கும் 'விருந்தினர் இணைப்பு' வசதியை ஒதுக்குங்கள். வங்கிப் பணிக்கான கணினி முதன்மை இணைப்பிலேயே இருக்கட்டும்.

• ரௌட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள்.

• வங்கித் தளத்தின் முகவரியைப் படித்துப் பார்த்த பின்னரே கடவுச்சொல்லை இடுங்கள். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி, 2025 முதல் இந்திய வங்கிகளின் இணையதளங்கள் 'பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாறியுள்ளன. உலாவி எச்சரிக்கை விடுத்தால் மேலே தொடராதீர்கள்.

வேகமும் பகிரப்படுவதே. விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பை நான்கு கணினிகள் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 25 மெகாபிட்டே கிட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவாகச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் விரைவாக இயங்கும். ரௌட்டரை வீட்டின் நடுவில், சற்று உயரமான இடத்தில் வைப்பது நன்று.

இத்தனைக்குப் பிறகும் கணக்கிலிருந்து பணம் பறிபோனதாகத் தெரிந்தால், உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.