ஒடுக்கு எடுத்தல்: வானூர்தித் தகடும் தமிழ்த் தொழிற்சொல்லும்



வானூர்தியைப் பெருந்தொழிற்சாலையில்தான் செய்ய முடியும் என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. உறுப்புகளைத் தொகுப்பாக வாங்கியோ, வரைபடத்தை மட்டும் கொண்டோ, தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு வானூர்தியைக் கட்டிப் பறப்போர் பல நாடுகளில் உளர். மும்பையில் அமோல் யாதவ் என்னும் வானோடி, தாம் வாழ்ந்த அடுக்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டினார். 2016இல் அந்நகரில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமரட்சன், இங்கிலாந்தில் இருந்தபடி 'ஸ்லிங்' என்னும் தென்னாப்பிரிக்கத் தொகுப்பை வாங்கி நான்கு இருக்கை வானூர்தியைக் கட்டி, குடும்பத்துடன் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார். 2022இல் இந்திய நாளேடுகள் அதனை விரிவாக வெளியிட்டன. அவ்வூர்தியின் உடல் அலுமினியத் தகட்டால் ஆனது.

தகட்டால் வானூர்தி கட்டுவோர்க்கு ஓர் இடர் பொதுவானது. கையிலிருந்து சுத்தியல் நழுவும்; தறையாணி அடிக்கும் கருவி வழுக்கும்; கொட்டகைக் கதவில் இறக்கையின் நுனி இடிக்கும்; ஆலங்கட்டி மழை பெய்யும். வழவழப்பான தகட்டில் ஒரு குழி விழுந்துவிடும். அதைத் தட்டி எடுப்பதா, அப்படியே விடுவதா, தகட்டையே மாற்றுவதா? இவ்வினாவுக்குச் சரியான விடை காண, விழுந்தது இன்னது என்று முதலில் சரியாகப் பெயரிட வேண்டும். அப்பெயர்கள் தமிழில் முன்னரே உள்ளன என்பதையும், அவற்றைத் துல்லியமாக வழங்கினால் வேலையும் துல்லியப்படும் என்பதையும் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

தகட்டின் இயல்பு

சிறு வானூர்தியின் மேல்தகடு பெரும்பாலும் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை கனமுடையது. நம் பணப்பையில் இருக்கும் வங்கி அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். ஏறத்தாழ அதே கனமுள்ள தகடுதான் இறக்கையின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அது வெறும் உறையன்று. உள்ளிருக்கும் விலாச்சட்டங்களோடு தறையாணிகளால் பிணைக்கப்பட்டு, இழுவிசையையும் முறுக்குவிசையையும் ஏற்கும் உறுப்பு.

இதற்குப் பெரிதும் பயன்படுவது '2024-டி3' எனப்படும் கலவை. அலுமினியத்தோடு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கரைப் பங்கு செம்பும், ஒன்றரைப் பங்கு மக்னீசியமும் சேர்ந்தது. சூடாக்கி நீரில் குளிர்வித்த பின், இக்கலவை நாள்பட நாள்படத் தானே உறுதி பெறும். இப்பண்பை ஆல்ஃபிரட் வில்ம் என்னும் ஜெர்மானியர் 1906ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தார். செம்பு கலந்ததால் உறுதி கூடியது. ஆனால் அரிப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. ஆகவே தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஏற்றுவர். 0.8 மில்லிமீட்டர்த் தகட்டில் அப்படலம் ஒரு புறத்துக்கு ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர்தான். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அந்தக் காப்பு போய்விடும். நம் நாட்டின் ஈரக் காற்றில் இது சிறிய இழப்பன்று.

ஐந்து சொற்கள்

தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டங்களில் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த தலைமுறையினர்க்குத் தகட்டின் குணம் நன்கு தெரியும். வாளி கல்லில் இடித்தால் 'ஒடுக்கு விழுந்துவிட்டது' என்பர். விரலால் அமுக்கும்போது வளைந்து, விட்டவுடன் பழைய நிலைக்கு வருவதை 'நெளிகிறது' என்பர். இவ்விரண்டும் ஒன்றல்ல.

முதலாவது நெளிவு. விசை நீங்கியதும் தகடு தன் வடிவுக்குத் திரும்புகிறது. இயற்பியலார் இதனை மீள்மை என்பர். இதற்குப் பழுதுபார்ப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது ஒடுக்கு. விசை மீள்மை எல்லையைக் கடந்துவிட்டது. குழி அப்படியே நிற்கிறது. ஒடுங்கு என்னும் தன்வினைக்கு ஒடுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு என்பனவும், மடங்கு, மடக்கு என்பனவும் இத்தகைய இணைகளே. தகடு தானாக ஒடுங்கவில்லை, பிறிதொன்று அதனை ஒடுக்கியது என்பதை இப்பெயர் தன்னுள் வைத்திருக்கிறது.

மூன்றாவது மடிப்பு. குழியின் அடி வட்டமாக இராமல் கூரிய கோடாக இருக்கும். அக்கோட்டில் உலோகம் மிகுதியாக வளைந்து களைத்துவிட்டது. நான்காவது கீறல்: தகட்டின் மேல்முகம் அறுபட்டிருக்கிறது. ஐந்தாவது விரிசல்: தகடு ஊடுருவப் பிளந்திருக்கிறது.

இவ்வைந்தையும் 'அடிபட்டிருக்கிறது' என்ற ஒரே தொடரில் அடக்கினால், ஐந்துக்கும் ஒரே மருந்தைத் தேட நேரும். ஆங்கிலச் சொல் ஒன்றை எழுத்துப்பெயர்த்து எல்லாவற்றுக்கும் வழங்கினாலும் விளைவு அதுவே.

பார்த்தலும் அறிதலும்

தட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். விளக்கைத் தகட்டுக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்தால், குழியின் விளிம்பு நிழலாகத் தெரியும். விரல் நுனியால் மெல்ல வருடினால், கண்ணுக்குத் தப்பிய மேடும் பள்ளமும் புலப்படும். கூரிய அடிக்கோடு இருப்பின் பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கியால் நோக்கி, விரிசல் உண்டா என்று தேட வேண்டும். ஐயம் எழுந்தால், விரிசலுக்குள் ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்துச் சோதிப்பர்.

குழி விழுந்த இடத்தை வட்டமிட்டுக் குறிக்கக் கரிக்கோலைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள கிராஃபைட்டு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். மை எழுதுகோலே ஏற்றது.

அடுத்து இடத்தை நோக்க வேண்டும். இரு விலாக்களின் நடுவே, வட்டமான, ஆழமற்ற குழி பெரும்பாலும் தோற்றக் குறையே. தறையாணி வரிசைக்கு அருகில் விழுந்த குழியோ ஆணித்துளைகளையும் இழுத்திருக்கக்கூடும். விலாச்சட்டத்தின் மேலேயே விழுந்திருந்தால், உள்ளிருக்கும் சட்டம் வளைந்துள்ளதா என்று பார்க்காமல் மேல்தகட்டைத் தொடலாகாது.

எடுக்கும் முறை

வண்டிகளின் ஒடுக்கைச் சீர்செய்யும் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளில் 'கெத்துக்' என்னும் மலாய்ச் சொல்லைக் காண்கிறோம். தட்டுதல் என்பது அதன் பொருள். தமிழ் வழக்கோ 'ஒடுக்கு எடுத்தல்' என்கிறது. தட்டுதல் வழி, எடுத்தல் பயன். மெல்லிய அலுமினியத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முதன்மையானது. அதிகம் தட்டியவர் நன்றாக எடுத்தவர் ஆகார்.

குழிக்குப் பின்புறம் கை எட்டுமானால் முறை இது. வெளிப்புறத்தில் வழவழப்பான, கனத்த இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். பழைய தமிழில் அடிதாங்கும் கல்லுக்குப் பட்டடை என்று பெயர்; திருக்குறளிலும் இச்சொல் உண்டு. கையில் ஏந்தும் இக்கட்டையைக் கைப்பட்டடை எனலாம். உட்புறத்திலிருந்து மரச் சுத்தியால் அல்லது நெகிழி முகச் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். நடுவில் தொடங்காமல் குழியின் விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்ல வேண்டும். சில தட்டுகளுக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் வருடிப் பார்க்க வேண்டும். சுத்தியின் முகத்திலோ கட்டையிலோ சிறு வடு இருந்தாலும் அது தகட்டில் பதியும்.

எங்கே நிறுத்துவது என்பதே இத்தொழிலின் நுட்பம். ஒடுக்கு விழுந்தபோதே தகடு சிறிது நீண்டுவிட்டது. மேலும் தட்டினால் மேலும் நீளும். நீண்ட தகட்டுக்குத் தன் சட்டத்துக்குள் இடம் போதாது. எண்ணெய்க் குவளையின் அடியை அமுக்கினால் 'டொப்' என்று உள்ளே போய் வெளியே வருவது போல் அது புடைத்தும் அமுங்கியும் ஆடும். பறக்கும்போது அந்த ஆட்டம் ஓயாது நிகழ்ந்து தகட்டைக் களைப்படையச் செய்யும். ஆகவே முக்கால் பங்கு குழி நிமிர்ந்ததும் கையை நிறுத்துவதே அறிவுடைமை. எஞ்சிய பள்ளத்தை எடை குறைந்த பட்டியால் நிரப்பலாம்.

இரும்பு வண்டியின் தகட்டைச் சூடாக்கிச் சுருக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. வானூர்தி அலுமினியத்துக்கு அது ஆகாது. வெப்பத்தால் பெற்ற உறுதி வெப்பத்தாலேயே கெடும். இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காமல் அலுமினியம் உருகிவிடும்.

பட்டி பார்ப்பதற்கும் எல்லை உண்டு. இறக்கையின் பின்விளிம்பிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகள் தம் கீலைச் சுற்றி எடை சமன்செய்யப்பட்டவை. அவற்றின் பின்விளிம்பில் சிறிதளவு பட்டி கூடினாலும் சமன் குலைந்து, வேகத்தில் படபடத்து முறியக்கூடும். ஆதலால் அங்கே பட்டி பூசுவதைத் தவிர்ப்பர். பூசினால் சமனை மீண்டும் அளந்தே பறப்பர்.

மறைக்கக் கூடாதவை

மடிப்பையும் கீறலையும் விரிசலையும் தட்டி எடுக்க முடியாது. மடிப்பை நிமிர்த்தினால் அக்கோடு மறுமுறை வளைந்து பிளக்கும். சிறு விரிசலின் நுனியில் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துவர். அதன்பின் ஒட்டுத்தகடு வைத்துத் தறைவர், அல்லது தகட்டையே மாற்றுவர். ஒட்டுத்தகடு வைக்குமுன் பழுதுற்ற பகுதியை நீக்கிவிட வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் இவ்வொழுங்கை நன்கறிவர். முதலில் ஒடுக்கு எடுப்பர்; பின் அழுக்கும் களிம்பும் நீங்கத் துலக்குவர்; அதன் பின்னரே ஈயம் பூசுவர். கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தால் செழித்த பேராக்கில் இதனை விளக்க வேண்டியதில்லை. அழுக்கின்மேல் பூசிய ஈயம் உரிந்துவிடும்.

இவ்வொழுங்கு தவறியதன் விலையை வானூர்தி வரலாறு காட்டுகிறது. 1980இல் சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று ஹாங்காங்கில் இறங்கியபோது அதன் வாற்பகுதி ஓடுதளத்தில் உராய்ந்தது. கீறுண்ட தகட்டை வெட்டி நீக்காமல் அதன்மேல் ஒட்டுத்தகடு வைத்துத் தறைந்தனர். வெளியிலிருந்து பார்ப்போர்க்குப் பழுது தெரியவில்லை. ஒட்டுத்தகட்டின் அடியில் கீறல்கள் விரிசல்களாக வளர்ந்தன. 22 ஆண்டுகளுக்குப் பின், 2002 மே 25ஆம் நாள், தைப்பேயிலிருந்து ஹாங்காங் நோக்கிப் பறக்கையில் அவ்வூர்தி நடுவானில் சிதறியது. அதிலிருந்த 225 பேரும் மாண்டனர். கீறலை ஒடுக்கைப் போல் தோற்றக் குறையாகக் கருதி மூடுவது எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

வகுப்பறைக்கு

இதனை ஓர் எளிய பயிற்சியால் மாணவர்க்கு உணர்த்தலாம். வெறுமையான பானக் குவளை ஒன்றை மெல்ல அமுக்கி விடச் சொல்லுங்கள்: நெளிவு. சற்று அழுத்தச் சொல்லுங்கள்: ஒடுக்கு. மேலும் அழுத்தினால் மடிப்பு. அம்மடிப்பை முன்னும் பின்னும் சிலமுறை வளைத்தால் விரிசல். ஒவ்வொரு நிலையிலும் பெயரை எழுதச் செய்து, எந்த நிலையில் திரும்ப முடிந்தது, எந்த நிலையில் முடியவில்லை என்று கேளுங்கள். பிளந்த விளிம்பு கூரியது. கையுறை அணியச் செய்க.

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் புதுச்சொல் படைப்பதையே எண்ணுகிறோம். பல துறைகளில் அது தேவைதான். ஆயினும் பட்டறையிலும் அடுக்களையிலும் தோட்டத்திலும் பொருள் பிரித்து வழங்கிய சொற்களை முதலில் திரட்டி, அவற்றின் எல்லைகளை வரையறுத்து, பாடநூலில் ஏற்றுவது அதனினும் முற்பட்ட கடமை. அச்சொற்களைச் சொல்லக்கூடிய மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியை மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.