நந்தனாரின் ஆண்டை எங்கிருந்து வந்தார்?

எங்கள் திருவாலங்காட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்த மண்ணில் கால் படக்கூடாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்தார். அம்மை அப்படி வந்த ஊரில் நாம் எப்படிக் கால் வைப்பது என்று சம்பந்தரும் தயங்கினார். அறுபத்து மூவரில் இன்னொருவரும் ஊர் எல்லையில் தயங்கி நின்றார். தில்லைக்குப் போன நந்தனார். ஆனால் அவரை நிறுத்தியது பக்தி மட்டுமல்ல, பிறப்பு.

போன வாரம் 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தை மறுபடி பார்த்தேன். எம்.எம்.தண்டபாணி தேசிகர்தான் நந்தனார். நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியராக செருகளத்தூர் சாமா. சின்ன வயசில் எனக்கு இது பக்திப் படம். இப்போ பார்த்தால் முக்கால்வாசி அடிமைமுறையைப் பற்றிய படம். நந்தன் ஆண்டையிடம் கேட்பது கூலி இல்லை, நிலம் இல்லை. சிதம்பரம் போய்வர உத்தரவு, அவ்வளவுதான். அதுகூடக் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டையைத் தேடி பெரியபுராணத்தைப் புரட்டினேன். ஆளே இல்லை! 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழாரின் நந்தனார் ஆதனூர்க்காரர். ஊர் விட்ட மானிய நிலத்தில் பிழைப்பு. கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு கொடுப்பது அவர் தொண்டு. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் முதலாளி அல்ல, குலத்தை நினைத்து வந்த தயக்கம். அதனால்தான் திருநாளைப்போவார் என்று பெயர்.

அப்புறம் ஆண்டை எப்போ வந்தார்? 1860-களின் தொடக்கத்தில். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான். சினிமா எடுத்துக்கொண்டது இந்தக் கதையை. காலத்தைக் கவனியுங்கள். அடிமை உரிமையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843-ல் ஆயிற்று. இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 1862-ல்தான் ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் ஆனது. சட்டம் மாறினாலும் தஞ்சாவூர் வயல்களில் பண்ணையாள் வாழ்க்கை தொடர்ந்தது. பாரதி கண்ணெதிரே பார்த்ததைப் புராணத்துக்குள் கொண்டுவந்தார் என்றே நினைக்கிறேன்.

வேதியர் போடும் நிபந்தனை: 40 வேலி நிலத்தில் பயிர் வைத்து அறுவடையும் முடித்துவிட்டுப் போ. ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 270 ஏக்கர்! இறைவன் அருளால் ஒரே ராத்திரியில் முடிகிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இங்கேதான் எனக்கு உறுத்தல். ஆண்டை மனம் மாறியது ஒரு மனிதனை அடைத்து வைத்தது தப்பு என்று உணர்ந்தா? இல்லை, அற்புதத்தைப் பார்த்து. அப்போ அற்புதம் நடக்காத மற்ற பண்ணையாட்கள்? அவர்கள் மறுநாளும் அதே வயலுக்குத்தான் போயிருப்பார்கள். ஆண்டை, ஆண்டவன் இரண்டுக்கும் வேர் 'ஆள்' என்பதுதான். சைவத்தில் 'அடிமை' என்பது பெருமையான சொல். சுந்தரரையே அடிமை ஓலை காட்டித்தானே சிவன் ஆட்கொண்டார்? அந்தப் பெருமை கதைக்குள் வந்ததும் வயலில் இருக்கும் அடிமைத்தனம் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

படம் வந்த காலமும் முக்கியம். 1939-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது. சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. கோயில் வாசல் அன்றைய பெரிய கேள்வி. வயல் வரப்பு அதன் பின்னால் நின்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது.

அதோடு முடிந்ததா? எங்கள் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசா தொழிலாளர்களும், அரிசி ஆலைகளிலிருந்து இருளர்களும் இந்த நூற்றாண்டில்தான் மீட்கப்பட்டார்கள். முன்பணம் வாங்கியவர்கள், கணக்கு தீரும்வரை வெளியே போக முடியாது. அவர்களும் கேட்டது நந்தன் கேட்ட அதே உத்தரவைத்தான்.

படத்தை அவசியம் பாருங்கள், தேசிகர் குரலுக்காகவே பார்க்கலாம். ஆனால் அந்த 40 வேலிக் காட்சி வரும்போது கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.