சொப்ரானோ கார்னெட்

பின்னலாடைக்குப் பேர்பெற்ற திருப்பூர்ப் பகுதியில் வாழும் நாம், ஆலைத் தொழிலாளர் வளர்த்த இசையொன்றை அறிதல் தகும். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சார்ந்த குவீன்ஸ்பரியில், பிளாக் டைக் என்னும் கம்பளி ஆலையின் உரிமையாளர் ஜான் பாஸ்டர், 1855-இல் பாண்டுக் குழுவினர்க்கு வாத்தியங்களையும், தம் ஆலைத் துணியாலாகிய சீருடையையும் அளித்தார். அக்குழு இன்றும் புகழுடன் விளங்குகின்றது.

இத்தகைய பித்தளை வாத்தியக் குழுவில் கார்னெட்டுகள் ஏறத்தாழப் பத்து. அவற்றுள் ஒன்றே சொப்ரானோ. குழல் குறுகின் சுருதி உயரும். ஏனைய கார்னெட்டின் குழல் ஏறக்குறைய நாலரை அடி. இதன் குழலோ அதில் முக்காற் பங்கே. ஆதலின் ஷட்ஜத்தினின்று சுத்த மத்தியமம் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு உயர்ந்து இது ஒலிக்கும்.

ஆலயப் பாடகர் குழுவில் சொப்ரானோ பாடுவோர் பலர். ஒருவர் தளரின் மற்றையோர் தாங்குவர். இங்கோ ஊதுபவர் ஒருவரே. உச்சத்தில் ஒலிப்பதால் அவர் பிழை மறையாது. வலிந்து ஊதினால் குழுவின் இனிமை முழுதும் கெடும். எனவே உயர ஊதுவதினும், உயரத்தில் மெல்ல ஊதுவதே அருங்கலையாகும்.

பகலெல்லாம் ஆலையில் உழைத்தோர் மாலையிற் பயின்று எய்திய கலை இஃது. நம் பின்னலாலைகளிலும் இத்தகைய குழுக்கள் தோன்றுமாயின், இயந்திர ஓசையே கேட்டுத் தளர்ந்த செவிகட்கு அஃது எத்துணை ஆறுதலாகும்!