திரையச்சும் மெய்யெழுத்தின் புள்ளியும்

திருநெல்வேலியினின்று நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த வள்ளியூரின் கடைத்தெருவிலே இந்நாளில் மிகுதியாய்க் காணப்படும் பொருள்களுள் துணிப்பையும் ஒன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளை அரசினர் 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் விலக்கியதும், 2021-ஆம் ஆண்டு திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியதும் இதற்குத் துணைசெய்தன. மணவீட்டார் வழங்கும் தாம்பூலப் பை, துணிக்கடைப் பை, பள்ளி ஆண்டுவிழாப் பை ஆகிய இவற்றின்மேல் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரையச்சு முறையால் இடப்பட்டனவே. இத்தொழிலைக் கற்கப் புகும் நண்பர் சிலர், கணிப்பொறியில் எந்த வரைமென்பொருளைக் கொள்ளலாம் என்று எம்மை வினவுகின்றனர். தமிழ் பயிலும் மாணவரிடம் இவ்வினா வருவானேன் என்று நகைப்போரும் உளர். நகைப்புக்கு இடமில்லை என்பதே எம் கருத்து. வினாவின் பாதி தமிழெழுத்தைப் பற்றியது.

முதற்கண் தொழிலின் இயல்பைச் சுருங்க உரைப்பாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையின்மேல், ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி உலர்த்துவர். எழுத்து கருமையாகவும் ஏனைய இடம் தெளிவாகவும் உள்ள பிலிமை அதன்மேல் வைத்து ஒளி காட்டுவர். கருமையின்கீழ் இருந்த பசை இறுகாமையின் நீரில் கழுவுண்டு போம். அவ்வழியே மையை ரப்பர்ப் பலகையால் அழுத்தித் தள்ள, கீழிருக்கும் துணியில் எழுத்துப் பதியும். ஒரு நிறத்திற்கு ஒரு பிலிம், ஒரு சட்டம். ஆகவே மென்பொருளினின்று நாம் வேண்டுவது கணிப்பொறியில் அழகாய்த் தோன்றும் படமன்று. நிறந்தோறும் தனித்தனியே, முழுக் கருமையாய், ஓரம் கூரியதாய் வரும் பிலிமே.

இங்கேதான் மெய்யெழுத்தின் புள்ளி இடருறுகின்றது. துணிக்கு வழங்கும் வலைகளுள் ஒன்று அங்குலத்திற்கு 110 இழை கொண்டது. அதில் இழைக்கு இழை உள்ள தொலைவு ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரிற் குறைந்த புள்ளி இழையின்மேல் விழுமாயின் மை இறங்கும் வழி அடைபடும். ‘ண’, ‘ஞ’ முதலியவற்றின் சுழிகளோ மை பரவி நிரம்பிவிடும். ‘வள்ளியூர்’ என்னும் பெயரிலேயே இரு புள்ளிகள் உள. அவை வீழ்ந்தால் ஊராரும் படிக்கத் தடுமாறுவர். மணமக்கள் பெயரில் வீழ்ந்தால் வீட்டில் மனத்தாங்கல். ‘கல்வி’ என்பதன் புள்ளி வீழ்ந்தால் விளையும் சொல் யாதென இம்மலரில் எழுத யாம் துணியோம். பள்ளிகளுக்குப் பை அச்சிடுவோர் அதனைத் தாமே ஓர்ந்துகொள்க.

பனையோலையில் எழுதினோர், எழுத்தாணி ஓலையைத் துளைக்குமென அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். தொல்காப்பியர் மெய்க்கு இயல்பாக வகுத்த புள்ளி இவ்வாறு மறைந்து, பிற்காலத்தே ஏடு ஆராய்ந்து பதிப்பித்தோரைப் பெரிதும் வருத்திற்று. அச்சு வந்து அதனை நிலைநாட்டியது. ஓலைக்கு அஞ்சி விட்ட புள்ளியை இன்று வலைக்கு இரையாக்குதல் முறையன்று.

இனி மென்பொருளுக்கு வருவாம். வரைமென்பொருள் இருவகைப்படும். ஒன்று படத்தைச் சிறு கட்டங்களின் தொகுதியாகக் கொள்வது. 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப்பும் இவ்வினத்தன. மற்றொன்று உருவைக் கோடும் வளைவுமாகக் கணக்கிட்டு வைப்பது. 1987-இல் தோன்றிய இல்லஸ்டிரேட்டர், 1989-இல் கனடா நாட்டினின்று வந்த கோரல் டிரா, 2003-இல் தோன்றி இலவசமாகவே வழங்கும் இங்க்ஸ்கேப் ஆகியன இவ்வினம். நிழற்படத்தைப் பனியன்மேல் ஏற்றுவதற்கு முன்னது தேவை. எழுத்துப் பணிக்குப் பின்னதே ஏற்றது. எழுத்தை வளைகோடாக மாற்றியபின் புள்ளியை மட்டும் பற்றிப் பெருக்கலாம், சுழியை அகலமாக்கலாம், எத்துணைப் பெரிதாக்கினும் ஓரம் சிதையாது.

ஆயினும் இதிலும் ஒரு கண்ணி உண்டு. கைப்பேசியில் வந்த பழைய சின்னம் ஒன்றைக் காட்டி, ‘இதை அப்படியே போட்டுத் தாரும்’ என்பர் வாடிக்கையாளர். மேற்கூறிய மூன்றும் அதனைத் தாமே வளைகோடாக வரைந்து தரவல்லன. அங்ஙனம் வரையுங்கால் சிறு கறைகளை நீக்கும் அமைப்பொன்று அவற்றில் உண்டு. பொறிக்குத் தமிழ் தெரியாது; மெய்யின் புள்ளியும் அதற்கு அழுக்கே! ஆதலின் அவ்வமைப்பின் அளவைக் குறைத்து வைத்தல் வேண்டும். படத்திலுள்ள தமிழை நம்பாது மீண்டும் தட்டச்சிடுதல் அதனினும் நன்று.

தட்டச்சிடும்போதும் எழுத்துருவை ஆராய்க. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவை ஏற்றியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியலே தோன்றும். ஒருங்குறி இக்குறையை நீக்கிற்று. எனினும் ஒருங்குறியில் ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்திற்குப் பின்னர்ப் பதிவாகி, முன்னர்த் தோன்ற வேண்டியது. மென்பொருள்களின் பழைய பதிப்புகள் பல இதனை அறியாது கொம்பைப் பிரித்து வைக்கும். இல்லஸ்டிரேட்டரில் பிழைபடின் தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேடித் தேர்தல் வேண்டும். இங்க்ஸ்கேப் இத்தொல்லை தருவதில்லை.

நிறம் பிரிப்பதில் மேம்பட்டது கோரல் டிரா. எளிய லேசர் அச்சுப்பொறியிலும் நிறத்திற்கு ஒரு தாளாகப் பொருத்தக் குறிகளுடன் அது தரும். நம் பக்கத்து டி.டி.பி. நிலையங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டமைக்கு இஃதொரு காரணமாகலாம். இல்லஸ்டிரேட்டரோ இதற்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அறிந்த அச்சுப்பொறியை வேண்டும். 2013 முதல் அதன் புதிய பதிப்புகளுக்குச் சந்தாவும் செலுத்தவேண்டும். இங்க்ஸ்கேப்பில் நிறந்தோறும் ஓர் அடுக்கு அமைத்து, ஒவ்வொன்றையும் கருமையாக்கி நாமே அச்சிடுதல் வேண்டும். மூன்று நான்கு நிறமாயின் அஃது அலுப்பு. ஒரு நிறப் பைக்கு ஓர் அலுப்புமில்லை. வள்ளியூர்ப் பைகளுள் யாம் கண்டவை பெரும்பாலும் ஒரு நிறத்தனவே. ஆதலின் தொழிலைத் தொடங்குவோர் இங்க்ஸ்கேப்பைக் கொள்க என்போம். பல நிற வேலை பெருகியபின் கோரல் டிராவை விலைகொடுத்தே வாங்குக. திருட்டுப் படியைக் கடன்வாங்கிப் போட்டுக்கொள்வாரை யாம் அறிவோம், புகழ்ந்திலேம்.

எதனைக் கொண்டாலும், பிலிம் எடுக்குமுன் பையின் உண்மை அளவிலேயே வெள்ளைத்தாளில் ஒருமுறை அச்சிட்டுப் புள்ளிகளை எண்ணிப் பார்க்க. ‘வள்ளியூர்’ என்பதில் இரண்டு, ‘நாகர்கோயில்’ என்பதில் இரண்டு, ‘திருநெல்வேலி’ என்பதில் ஒன்று. சட்டத்தைக் கழுவியபின் அதனை வெளிச்சத்தில் பிடித்து மீண்டும் எண்ணுக.